தொட்டிக்குள் பங்குனி

ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றரைப் பாகையில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே பத்து நிமிட வேறுபாடுதான். சென்னையில் அது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். லண்டனில் எட்டே முக்கால் மணி நேரம். அந்தப் பத்து நிமிடத்தைக் காட்டியே, நமக்குப் பருவம் என்று ஒன்று கிடையாது, வெயில் இல்லாவிட்டால் மழை, மழை இல்லாவிட்டால் வெயில் என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

வீட்டில் மீன்தொட்டி வைத்திருப்பவர்களிடம் இந்தப் பழக்கம் இன்னும் இறுகிக் கிடக்கிறது. டைமரில் எட்டு மணி நேரம் என்று வைத்துவிட்டால் ஆண்டு முழுவதும் அதை யாரும் தொடுவதில்லை. சற்று ஆர்வம் கூடியவர்கள் கைப்பேசி ஆப்பினால் இயங்கும் எல்இடி விளக்கை வாங்குகிறார்கள். அதில் பருவச் சுழற்சி என்று ஒரு வசதி இருக்கும். ஊரின் பெயரைக் கொடுத்தால் அந்த ஊரின் பகல் நீளத்துக்கேற்ப விளக்கு தானாகவே கூடும், குறையும். ஜொகூர் பாருவைக் கொடுத்தால் திரையில் ஒரு நேர்கோடு வருகிறது. அந்தக் கோடு சலிப்பூட்டுவதால் ஐரோப்பிய ஊர் எதையாவது தேர்ந்தெடுத்துக் கொள்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் தொட்டியில் டிசம்பர் மாதத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. உள்ளே நீந்துவது நம் ஊர் ஆற்று மீன்.

நேர்கோட்டை நம்புகிறவர், அயலூர்க் கோட்டைக் கடன் வாங்குகிறவர் இருவர் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. இருவரும் தலைக்கு மேலிருக்கும் வானத்தைப் பார்க்கவில்லை. இங்கே பருவம் இருக்கிறது. பகலின் நீளத்தில் தேடினால் மட்டும்தான் அது அகப்படாது.

முதலில் கடிகாரத்தைப் பார்ப்போம். நவம்பர் தொடக்கத்தில் ஜொகூர் பாருவில் சூரியன் எழுவது ஆறே முக்காலை ஒட்டி. பிப்ரவரி நடுவில் ஏழேகாலை ஒட்டி. அந்தியும் அதேபோல நகர்கிறது: நவம்பரில் ஆறு ஐம்பது, பிப்ரவரியில் ஏழு இருபது. பகலின் நீளம் அப்படியே இருக்க, முழுப் பகலும் அரை மணி நேரம் தள்ளிப்போகிறது. பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் இதை உடம்பால் அறிந்திருக்கிறார்கள். ஒரே ஏழு மணிதான். நவம்பரில் முகத்தில் வெயில் அடிக்கும், பிப்ரவரியில் மோட்டார் சைக்கிளின் விளக்கை அணைக்க மனம் வராது.

பூமி சூரியனைச் சுற்றும் பாதை நீள்வட்டம். பூமியின் அச்சும் சாய்ந்திருக்கிறது. இந்த இரண்டாலும் சூரியனின் கடிகாரமும் சுவர்க் கடிகாரமும் ஒத்துப்போவதில்லை. நவம்பர் தொடக்கத்தில் சூரியன் பதினாறு நிமிடம் முந்துகிறது, பிப்ரவரி நடுவில் பதினாலு நிமிடம் பிந்துகிறது. இது உலகம் முழுவதற்கும் பொது. லண்டனில் பகல் நீளமே மணிக்கணக்கில் மாறுவதால் இந்த நகர்வு அதற்குள் மூழ்கிவிடுகிறது. நம் வானத்தில் அதை மறைக்க எதுவுமில்லை. இன்னொன்று: தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொண்டது. அதனால் ஜொகூர் பாருவில் உச்சிப்பொழுது சராசரியாக ஒரு மணி ஐந்து நிமிடத்துக்குத்தான் வருகிறது. பன்னிரண்டு மணியை நடுவாக வைத்து விளக்கு அமைப்பவர் ஒரு மணி நேரம் முன்னதாக உச்சியைக் கொண்டுவந்துவிடுகிறார்.

அரை மணி நேர நகர்வை எந்த உயிராவது கவனிக்குமா? கவனிக்கிறது. பனாமாக் காட்டில் வாழும் எறும்புண்ணிப் பறவை ஒன்றைக் கூண்டில் வைத்து, பகலைப் பதினேழு நிமிடம் மட்டும் நீட்டிப் பார்த்தார்கள். அதன் இனப்பெருக்க உறுப்புகள் வளரத் தொடங்கின, பாட்டும் கூடியது. 1998இல் வெளியான ஆய்வு அது. நமக்கு இன்னும் நெருக்கமானது 2012இல் வந்தது. கென்யாவின் நிலநடுக்கோட்டுப் பகுதியைச் சேர்ந்த சிறு பறவைகளுக்கு, பகல் நீளத்தை மாற்றாமல், விடியலும் அந்தியும் வரும் நேரத்தை மட்டும் அந்த ஊரில் நகர்வது போலவே நகர்த்தினார்கள். இறகு உதிர்க்கும் ஆண்டுச் சுழற்சியை அந்தப் பறவைகள் அதற்கு இசைவாக அமைத்துக்கொண்டன. நாம் பருவமே இல்லை என்று சொல்லும் இடத்தில் ஒரு பறவை மாதம் குறித்துக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது அடையாளம் ஒளியின் வலிமை. மார்ச் 24 வாக்கில் ஒருமுறை, செப்டம்பர் 19 வாக்கில் ஒருமுறை என்று சூரியன் ஜொகூர் பாருவின் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. பங்குனி பத்து, புரட்டாசி தொடங்கி இரண்டு மூன்று நாள். அந்த நாட்களின் உச்சிப்பொழுதில் கொடிக்கம்பத்துக்கு நிழலே இருக்காது. இடைப்பட்ட ஒரு பாதியில் நிழல் வடக்கே சாயும், மறு பாதியில் தெற்கே சாயும். இதோடு மேகத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை. கோத்தா திங்கி, மெர்சிங் பக்கம் வானம் நாள் கணக்கில் ஈயம் பூசியது போல் இருக்கும். 2006 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் கோத்தா திங்கியும் சிகாமட்டும் மூழ்கியதை ஜொகூரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பிப்ரவரியில் மேகம் விலகுகிறது. அந்த நேரம் பார்த்துச் சூரியனும் உச்சிக்கு ஏறி வருகிறது. மாசி பங்குனியின் வெளிச்சத்துக்கும் கார்த்திகை மார்கழியின் வெளிச்சத்துக்கும் உள்ள தூரம்தான் நம் கோடைக்கும் குளிருக்கும் உள்ள தூரம். புரட்டாசியில் வரும் இரண்டாவது உச்சியைச் சில ஆண்டுகளில் சுமத்ராவின் காட்டுத்தீப் புகை மறைத்துவிடுகிறது. புகைமூட்டத்தையும் தொட்டிக்குள் கொண்டுவர வேண்டுமா என்று ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். வேண்டாம் என்றேன். அது மனிதர்கள் செய்த கேடு. மீனுக்கு அதைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

தோட்டத்தில் வளர்ந்த நம் மக்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் இளம் வயதிலேயே பால் வெட்டப் போன என் பெரியம்மாவுக்கு மாதங்கள் அனைத்தும் மரத்தின் மேல் எழுதியிருந்தன. “மாசி பொறந்தா மரம் மொட்டையாயிரும்யா, பாலு எறங்காது. பங்குனியில தளுத்துப் பூ வெச்சிரும், லயம் வரைக்கும் வாசம் வரும்” என்பார். ஐப்பசி, கார்த்திகையில் பால் பிடிக்கும் மங்குகளை மழை நிரப்பிவிடும். வெட்டு இருக்காது, கூலியும் இருக்காது. ரப்பர் கொட்டை வெடித்துச் சிதறும் சத்தம் பிள்ளைகளுக்கு இன்னொரு பருவம். விடியுமுன் நெற்றி விளக்கோடு பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்ற ஒரு தலைமுறைக்கு, வானம் வெளுக்கும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறுவதை எந்த அட்டவணையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்த அறிவு அவர்களோடு லயத்திலேயே தங்கிவிட்டது. தோட்டங்கள் செம்பனைக்கும் பிறகு தாமான் எனும் குடியிருப்புகளுக்கும் மாறியபோது நாம் அதை எடுத்துவரவில்லை.

பெரியம்மா சொன்ன பூவுக்கு அறிவியல் விளக்கம் மலேசியாவிலிருந்தே வந்தது. மலேசிய ரப்பர் வாரியத்தின் ஆய்வாளர் இயாங் ஹூங் யீட் 2007இல் ‘நியூ ஃபைட்டாலஜிஸ்ட்’ ஆய்விதழில் எழுதினார்: நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் ரப்பர் மரங்கள் ஆண்டுக்கு இருமுறை ஒருசேரப் பூப்பதற்குக் காரணம் பகல் நீளமாக இருக்க முடியாது, சூரியன் உச்சிக்கு வரும் காலத்தில் கதிரின் வலிமை கூடுவதே காரணம். பிரேசில் காட்டிலிருந்து வந்த மரம் நம் வானத்தை வாசித்துப் பூக்கிறது. ஒளியால் இயங்கும் ஒரு கருவியை ஜொகூரில் நிரல்படுத்த விரும்புகிற எவரும் முதலில் படிக்க வேண்டியது இந்தக் கட்டுரையைத்தான் என்பேன்.

தொட்டிக்குள் பருவத்தை உண்டாக்க முடியும் என்பதற்கான மிகப் பெரிய சான்று கடலிலிருந்து கிடைத்தது. 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில், பல வகைப் பவளங்கள் ஆண்டில் ஒருசில இரவுகளில் மட்டும் ஒருசேர முட்டையும் விந்தும் வெளியிடுவதைக் கண்டார்கள். அப்போது பலரும் கருதியது என்னவென்றால், நிலநடுக்கோட்டுக் கடல்களில் வெப்பமும் ஒளியும் அதிகம் மாறாததால் அங்கே இப்படி ஒருசேர நடக்காது என்பது. ‘நமக்குப் பருவம் இல்லை’ என்பதன் கடல் வடிவம். 2002இல் ஜேம்ஸ் கெஸ்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் சிங்கப்பூர்க் கடலில் இரவில் மூழ்கிப் பார்த்தார்கள். மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வரும் பௌர்ணமி கழிந்து மூன்றாம் இரவு முதல் ஐந்தாம் இரவுக்குள், பல இனப் பவளங்கள் ஒருசேர முட்டையும் விந்தும் வெளியிட்டன. பங்குனிப் பௌர்ணமியோ சித்திரைப் பௌர்ணமியோ கழிந்த இரவுகள். கோயிலில் உத்திரத்துக்குக் காவடி இறங்கி ஊர் களைத்துத் தூங்கும் அந்த நாட்களில், தெபராவ் நீரிணைக்கு அப்பால் கடலடியில் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. எத்தனை நூற்றாண்டாக என்பதை நினைத்தால் உடல் சிலிர்க்கிறது.

அடுத்தது லண்டனில் நடந்தது. தேயிலை வணிகர் பிரெடரிக் ஹார்னிமன் உருவாக்கி 1901இல் திறந்த அருங்காட்சியகம் ஒன்று தென் லண்டனில் இருக்கிறது. அங்குள்ள மீன்காட்சியகத்தில் ஜேமி கிரேக்ஸ் என்பவர், கடலோடு எந்தத் தொடர்பும் இல்லாத மூடிய தொட்டிகளில் பவளத்தை ஈன வைக்க முயன்றார். ஒரு தொட்டித் தொகுதிக்குப் பெருந்தடுப்புத் திட்டின் பருவம். மற்றொன்றுக்குச் சிங்கப்பூரின் பருவம். நுண்செயலி ஒன்று பகல் நீளம், மாதத்துக்கு மாதம் மாறும் ஒளி வலிமை, நீரின் வெப்பம், நிலவின் வளர்பிறை தேய்பிறை நான்கையும் அந்தந்தக் கடலின் கணக்குப்படி ஓட்டியது. நான்கு வகை அக்ரோபோரா பவளங்கள் ஓராண்டுக்கு மேல் அந்தப் பொய் வானத்தின் கீழ் வாழ்ந்தன. முட்டை வளர்ந்தது. சிங்கப்பூர்த் தொட்டியில் சினையாக இருந்த நான்கு ‘அக்ரோபோரா ஹையாசிந்தஸ்’ கூட்டங்களும், சிங்கப்பூர்க் கடலில் எந்தச் சந்திர மாதத்தில் ஈன வேண்டுமோ அதே மாதத்தில் ஈன்றன. சூரியன் மறைந்து எவ்வளவு நேரத்துக்குப் பின் என்பதுகூடக் கடலில் வாழும் பவளத்தோடு ஒத்தது. மூடிய செயற்கைத் தொட்டியில் பவளம் இப்படி ஈன்றது அதுவே முதல் முறை. 2017இல் ‘ஈகாலஜி அண்ட் எவொல்யூஷன்’ இதழில் வெளியிட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து, அமெரிக்காவின் ஃபுளோரிடா மீன்காட்சியகம் ஹார்னிமனோடு கூட்டுச் சேர்ந்து, அழிவின் விளிம்பில் நிற்கும் தூண் பவளத்தை இதே வழியில் ஈன வைத்தது.

நான் இதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். லண்டனில் ஒரு தொட்டிக்கு நம் வானத்தைக் கணக்கெடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். மாசாயிலும் ஸ்கூடாயிலும் நம் வீட்டுத் தொட்டிகளுக்கு நாம் லண்டன் வானத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கருவிக் குறைவால் வந்த நிலை இல்லை இது. கடிகாரச் சில்லு ஒன்றோடு சேர்ந்த சிறு நுண்கட்டுப்பாட்டுப் பலகை இன்று ஒரு வேளை குடும்பச் சாப்பாட்டு விலைக்குக் கிடைக்கிறது. நம் வானத்துக்கு வேறுபாடு உண்டு, அது கணக்கெடுக்கத் தகுந்தது என்ற எண்ணம்தான் இல்லை.

நிலவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தொட்டி விளக்குகளில் மிக மோசமாகச் செய்யப்படுவது அதுதான். கடைகளில் ‘மூன்லைட்’ என்று விற்பது பெரும்பாலும் இரவு முழுவதும் எரியும் நீல விளக்கு. உண்மையான முழு நிலவின் ஒளி சூரிய ஒளியில் ஏறத்தாழ நாலு லட்சத்தில் ஒரு பங்கு, தரையில் 0.3 லக்ஸைத் தாண்டுவது அரிது. மலிவான ஒளிக்குறைப்புச் சுற்றுகளில் 256 படிகள் இருக்கும். அவற்றில் மிகக் குறைந்த படியே முழு வெளிச்சத்தின் 255இல் ஒரு பங்கு. அந்தப் படியில் நிலவைக் கொண்டுவர முடியாது. பகல் விளக்கை மங்கவைத்து நிலவாக்க முயலாமல், தனியாக ஒரு சிறு எல்இடியைத் தடையோடு இணைத்து, மேலே வெள்ளைத் தாள் இரண்டு மூன்று ஒட்டிக்கொள்வதே சரி. கண் இருட்டுக்குப் பழகிய பின்தான் தொட்டிக்குள் பொருள்கள் தெரிய வேண்டும்.

வலிமையைவிட முக்கியம் நேரம். பௌர்ணமியன்று சூரியன் மறையும்போதே நிலவு எழுகிறது. இரவில் இருட்டே இல்லை. மறுநாள் ஐம்பது நிமிடம் தாமதமாக எழுகிறது. அதற்கடுத்த நாள் இன்னொரு ஐம்பது. சூரியன் போய் நிலவு வராத ஓர் இருட்டு இடைவெளி திறக்கிறது, ஒவ்வொரு நாளும் அகலமாகிறது. பவளம் காத்திருப்பது நிலவொளிக்காகவே என்றுதான் நீண்ட காலம் நினைத்தோம். தைவானின் லியூதாவ் தீவில் ஆய்வு செய்தவர்கள் 2021இல் வேறொன்றைச் சொன்னார்கள்: அந்தி முடிந்து நிலவு எழுவதற்கு முன் வரும் இருட்டே அவர்கள் ஆராய்ந்த பவளத்துக்கு அழைப்பு மணி. நிலவை மறைத்துச் செயற்கையாக இருட்டைக் கொடுத்தபோது அது முன்கூட்டியே ஈன்றது. அக்ரோபோரா மில்லிபோரா என்ற பவளத்தின் உடலில், நிலவின் நீல ஒளியையும் உணரும் கிரிப்டோகுரோம் புரதங்கள் இருப்பதை 2007இலேயே கண்டறிந்திருந்தார்கள். கண்ணில்லாத உயிர் பிறை பார்க்கிறது.

அப்படியானால் நம் கடற்கரைகளின் இரவு விளக்குகள் அந்த உயிர்களுக்கு என்ன செய்கின்றன? 2023இல் உலகளவிலான தரவுகளை வைத்துச் செய்த ஆய்வு, செயற்கை வெளிச்சம் படும் திட்டுகளில் பவளங்கள் ஒன்று முதல் மூன்று நாள் வரை முன்னதாக, பௌர்ணமிக்கு அருகில் ஈனுகின்றன என்றது. அருகருகே உள்ள திட்டுகள் வெவ்வேறு நாளில் ஈன்றால் ஒன்றின் முட்டையும் மற்றதன் விந்தும் சந்திக்காது. தெபராவ் நீரிணையின் இரு கரையும் இரவெல்லாம் ஒளிர்கிறது. ஜொகூரின் கிழக்குக் கடலில் ரவா, திங்கி, சிபுத் தீவுகளைச் சுற்றிய பவளத்திட்டுகளுக்கு இன்னும் ஓரளவு இருட்டு மிச்சமிருக்கிறது. அந்த இருட்டைப் பவளத்தைப் போலவே காக்க வேண்டிய சொத்தாகக் கருத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வீட்டுக்குள்ளும் இதே சிக்கல். கூடத்தில் வைத்த தொட்டிக்கு எவ்வளவு நுணுக்கமாக நிலவை அமைத்தாலும், தொலைக்காட்சியும் குழல்விளக்கும் நள்ளிரவு வரை எரிந்தால் அந்த நிலவுக்குப் பொருளே இல்லை. தொட்டியை அதிகம் புழங்காத அறைக்கு மாற்றுவது, அல்லது இருட்டிய பின் மூன்று பக்கமும் துணி போட்டு மறைப்பது. விலையுயர்ந்த விளக்கைவிட ஒரு கறுப்புத் துணி அதிகம் செய்யும்.

நம்மில் பெரும்பாலோர் வைத்திருப்பது கடல் தொட்டி இல்லை, நன்னீர்த் தொட்டி. அங்கே ஜொகூருக்கென்றே ஒரு செல்வம் உண்டு. ஆயர் ஈத்தாம் பகுதிக் கரிச்சதுப்புக் காட்டிலிருந்து 1986இல் அறிவியலுக்கு அறிமுகமான கருநிறச் சிறு சண்டைமீன் பெட்டா பெர்செபோன். கோத்தா திங்கிப் பக்கத்து நீரிலிருந்து மாரிஸ் கொட்டெலாட்டும் பீட்டர் இங்கும் 2005இல் பெயரிட்ட பாரோஸ்ஃப்ரோமெனஸ் ஆல்ஃப்ரெடி. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன்கள். தேநீர் நிறத்தில், புளிப்பேறிய, உப்புச்சத்து ஏறக்குறைய இல்லாத நீரில் வாழ்பவை. சதுப்பை வடித்துச் செம்பனை நட நட அவற்றின் இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. காட்டிலிருந்து இவற்றைப் பிடித்து வந்து வளர்ப்பதை நான் ஏற்கவில்லை. வளர்ப்பில் பிறந்த குஞ்சுகள் கிடைத்தால், முறையாகப் பேணத் தெரிந்தால் மட்டும் வளர்க்கலாம்.

இந்த மீன்களுக்கு விளக்கமைப்பவர் முதலில் விளக்கைக் குறைக்க வேண்டும். மேலே அடர்ந்த மரக்கூரை. நீரில் ஊறிய இலைகளின் சாறு நீல ஒளியை உறிஞ்சிவிடுகிறது. அடியில் எஞ்சுவது மங்கிய செம்பொன் வெளிச்சம். வெள்ளையும் நீலமுமாகப் பளிச்சிடும் எல்இடி அவற்றுக்கு அந்நியம். அதற்கும் மேலாக, இங்கே ஒளி தனியாகப் பருவத்தை உண்டாக்காது. 1970களில் பிராங்க் கிர்ஷ்பாம் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் தென் அமெரிக்க மின்மீன்களைத் தொட்டியில் சினைப்படுத்திக் காட்டினார். நீரின் உப்புச்செறிவைச் சிறிது சிறிதாகக் குறைத்தார், நீர்மட்டத்தை உயர்த்தினார், மேலிருந்து மழைபோல நீரைத் தூவினார். மழைக்காலம் வந்துவிட்டது என்று மீன் நம்பியது. நம் சதுப்பு மீன்களுக்கும் பருவம் என்றால் பெரும்பாலும் மழைதான். மேகம் அதன் முன்னறிவிப்பு. ஆகவே ஜொகூர் நன்னீர்த் தொட்டியின் ஆண்டு என்பது ஐப்பசி தொடங்கி ஒளி மங்கி, மென்னீர் மாற்றமும் தூவலும் கூடி, மாசியில் ஒளி தெளிந்து, நீர்மட்டம் கொஞ்சம் இறங்குகிற ஆண்டாக இருக்க வேண்டும். விளக்கைத் தானியங்கியாக்குகிறவர் நீர்க்குழாயை மறந்துவிட்டால் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

செய்முறை கடினமானதல்ல. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்குமான சூரிய உதய, மறைவு நேரத்தைச் சிறு பலகைக்குள் அட்டவணையாக ஏற்றிவிடலாம். அது இணையத்தை நம்பியிருக்கக் கூடாது, மின்வெட்டு வந்தாலும் பொத்தான் மின்கலம் கடிகாரத்தைக் காக்க வேண்டும். விடியலையும் அந்தியையும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் இழுக்கும் வழக்கம் வடநாடுகளிலிருந்து வந்தது. நம் ஊரில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால், மறைந்து இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் போனால் இருள் கவிந்துவிடும். அந்த விரைவையே தொட்டிக்கும் கொடுங்கள். பன்னிரண்டு மணி நேரம் முழு வெளிச்சம் கொடுத்தால் பாசி பிடிக்கும் என்ற அச்சம் நியாயமானது. அதற்குத் தீர்வு பகலை எட்டு மணி நேரமாக வெட்டுவது அல்ல. காலையும் மாலையும் மங்கலாக வைத்து, உச்சிப்பொழுதை ஒட்டிய நாலைந்து மணி நேரம் மட்டும் வலிமையைக் கூட்டினால் போதும். மாதத்துக்கொரு பெருக்கல் எண்: மாசி பங்குனிக்கு நூறு விழுக்காடு, கார்த்திகை மார்கழிக்கு அறுபது எழுபது என்று தொடங்கி, செடியையும் மீனையும் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

ஒரு தடை உண்டு, அதை நேராகவே சந்திக்க வேண்டும். விடியுமுன் பாலம் கடந்து, இருட்டிய பின் வீடு திரும்புகிறவர் தன் தொட்டியை எப்போது பார்ப்பது? இதனால்தான் பலரும் விளக்கைப் பிற்பகல் மூன்று மணிக்கு ஏற்றி இரவு பதினொன்றுக்கு அணைக்கிறார்கள். களைத்து வருகிறவருக்குத் தொட்டி முன் உட்காரும் அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது எனக்குத் தெரியும். அதைப் பறிக்கச் சொல்ல மாட்டேன். வெளி வெளிச்சம் புகாத அறையானால் முழு நாளையும் மூன்று நான்கு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ளலாம், நவம்பர்–பிப்ரவரி நகர்வு அப்படியே இருக்கட்டும். சன்னலோரத் தொட்டியென்றால் தள்ளக் கூடாது: மீனுக்கு ஒரே நாளில் இரண்டு அந்தி வந்துவிடும். அவர் வார இறுதியில் பார்த்துக்கொள்ளட்டும், அல்லது இருட்டில் பார்க்கப் பழகட்டும். மங்கிய நிலவொளியில் தொட்டி முன் உட்கார்ந்து கண்ணைப் பழக்கிக்கொண்டால், பகலில் ஒளிந்திருக்கும் பல உயிர்கள் வெளியே வருவதைக் காணலாம்.

நமக்கு இப்போது தேவைப்படுவது ஜொகூரின் சொந்த ஒளிக் கணக்கு. உதய நேரத்தை எந்த நாட்காட்டியும் தரும். இந்தத் தாமானின் கூரைமேல், இந்த மாதத்தில், மேகத்தையும் புகையையும் மீறி எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதை அது தராது. ஒளியளவி ஒன்றும் பதிவுப் பலகை ஒன்றும் சில பத்து ரிங்கிட்டுக்குள் முடியும். நகரத்திலும் தோட்டத்து ஓரங்களிலும் நம் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அறிவியல் போட்டிகளுக்குப் புதிதாக ஏதாவது தேடும் ஆசிரியர்களும் மாணவர்களும் அவற்றில் இருக்கிறார்கள். குளுவாங்கில் ஒன்று, கோத்தா திங்கியில் ஒன்று, ஜொகூர் பாருவில் ஒன்று என்று மூன்று பள்ளிக் கூரைகளில் ஓர் ஆண்டு முழுவதும் ஒளியைப் பதிவு செய்யுங்கள். பக்கத்திலேயே மழையளவையும், முடிந்தால் அருகிலுள்ள ரப்பர் மரம் இலை உதிர்த்த நாளையும் பூத்த நாளையும் எழுதி வையுங்கள். பால் வெட்டிய பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு அவர்கள் மாதக் கணக்கையும் சேருங்கள். மீன்தொட்டி வைத்திருக்கும் நாங்கள் அந்த அட்டவணையை வாங்கி எங்கள் விளக்குகளில் ஏற்றிக்கொள்கிறோம். வரும் ஐப்பசியில் மழை பிடிப்பதற்குள் தொடங்கினால் நல்லது.